நாலாம் மாடியிலிருந்து இறங்கும் கயிற்றுக்கூடை

எழும்பூரில் இறங்கியதும் முதலில் பூமிக்குள் போனேன். காரைக்காலிலிருந்து இரவெல்லாம் ரயிலில் வந்த அலுப்பு கண்ணில் இருந்தது. ஆனாலும் மெட்ரோ நிலையத்தின் படியில் கால் வைத்ததுமே மனசு துள்ள ஆரம்பித்துவிட்டது. இந்தத் தடவை கல்யாணத்துக்கோ ஆஸ்பத்திரிக்கோ வரவில்லை. தெரு பார்க்க வந்தேன்! ரயில் போகும் பெரிய சாலையை ஒட்டி நாலு மாடி, அஞ்சு மாடிக் குடியிருப்புகள் எந்தக் கணக்கில் எழும்புகின்றன, நடைபாதைக் கல்லைப் பெயர்த்தால் அடியில் என்ன இருக்கும், அந்த மஞ்சள் கல்லில் ஏன் புள்ளி வைத்திருக்கிறார்கள் என்பதையெல்லாம் கிட்டே நின்று பார்த்துவிட்டுத்தான் ஊர் திரும்புவது என்று கிளம்பி வந்திருந்தேன்.

என் ஊர் கிளிஞ்சல்மேடு. காரைக்கால் கடற்கரையில் ஒரு மீனவர் கிராமம். கட்டடத்துக்கும் எங்களுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்களுக்கு ஊர்ப் பெயரையே பதிலாகச் சொல்வேன். கிளிஞ்சலைச் சூளையில் சுட்டு, நீற்றி, அரைத்து எடுத்த சுண்ணாம்புதான் சிமெண்ட் வருமுன் தமிழ்நாட்டில் எத்தனையோ சுவர்களைக் கட்டியது. பழைய மெட்ராஸ் வீடுகளின் சுவர் பளிங்குபோல மின்னியதற்கும் கிளிஞ்சல் சுண்ணாம்புப் பூச்சுதான் காரணம். கட்டடச் சாமானையே பேராக வைத்துக்கொண்ட ஊர்க்காரி நான். தெருவைப் பார்த்தால் கை சும்மா இருக்குமா?

எழும்பூரிலிருந்து சுரங்கத்துக்குள்ளேயே ஓடிய ரயில், திருமங்கலம் தாண்டியதும் ஏறத் தொடங்கியது. கோயம்பேட்டில் சட்டென்று வெளிச்சம். 2015 ஜூன் 29 அன்று சென்னையில் மெட்ரோ முதன்முதலாக ஓடியது இந்தக் கோயம்பேடு–ஆலந்தூர் பாதையில்தான். அரும்பாக்கம், வடபழனி, அசோக் நகர் என்று நூறடி ரோட்டின் தலைக்கு மேலே போகிறது. ஜன்னலோரம் கிடைத்தால் விடாதீர்கள். அங்கேதான் முதல் திரை விலகுகிறது.

சாலையில் நடப்பவர்களுக்குக் கட்டடத்தின் முகம்தான் தெரியும். மெட்ரோவில் போனால் மொட்டைமாடி தெரியும். கறுப்புச் சின்டெக்ஸ் தொட்டிகள், வரிசையாகக் கவிழ்த்த டிஷ் குடைகள், நாலு முனையிலும் செங்கல் வைத்த வேட்டியில் பிழிந்த வடாம், காக்கைக்கு வைத்த சோறு, கைப்பிடிச் சுவரில் சாய்ந்து பல் தேய்த்தபடி ரயிலைப் பார்த்துக் கையசைக்கும் ஒரு பையன். நானும் அசைத்தேன். அவன் நின்ற உயரமும் நான் உட்கார்ந்திருந்த உயரமும் ஏறத்தாழ ஒன்று. இந்த உயரத்தைப் பற்றித்தான் மூன்று நாளும் எல்லாரிடமும் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019-இல் வந்தன. அதில் ஒரு எண்ணை மட்டும் மனசில் வைத்துக்கொண்டால் பாதிச் சென்னை புரிந்துவிடும்: 18.30 மீட்டர். நம் கணக்கில் அறுபது அடி. அதைத் தாண்டினால் உயர்மாடிக் கட்டடம். விதி வேறு, விலகல் வேறு, தீயணைப்புக் கெடுபிடி வேறு. அறுபது அடிக்குள் அடங்கினால் உயர்மாடி என்ற கணக்கில் வராது. அதனால் பில்டர்கள் அத்தனை பேரும் அந்த அறுபது அடியைக் கடைசி அங்குலம்வரை பயன்படுத்துகிறார்கள். கீழே தூண் மட்டும் நிற்கும் ஸ்டில்ட், அதன் மேல் நாலோ அஞ்சோ தளம். விளம்பரப் பலகையில் ‘ஸ்டில்ட் பிளஸ் ஃபைவ்’ என்று போட்டிருப்பது இதுதான்.

அடுத்தது எஃப்எஸ்ஐ. மனையின் பரப்பைப் போல எத்தனை மடங்கு தளம் கட்டலாம் என்ற கணக்கு. முன்பு சாதாரணக் கட்டடங்களுக்கு ஒன்றரை மடங்காக இருந்தது, இப்போது இரண்டு. ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி. எங்கள் டெல்டாப் பக்கம் பன்னிரண்டடிக் கோலால் அளந்தால் குழிக்கு 144 சதுர அடி, ஆக ஒரு கிரவுண்டு பதினாறரைக் குழிக்குச் சற்று மேலே. அந்தத் துண்டு நிலத்தில் 4,800 சதுர அடி கட்டலாம். சாலை 18 மீட்டரோ அதற்கு மேலோ அகலமாக இருந்தால், அரசுக்குக் கட்டணம் கட்டி அதன் மேல் இன்னும் ஐம்பது விழுக்காடு வரை வாங்கிக்கொள்ளலாம். 7,200! வலை காயப்போடும் இடத்தில் எட்டுக் குடும்பம் என்று நினைத்துக்கொண்டேன், தலை சுற்றியது. சாலையின் அகலம் வீட்டின் உயரமாக மாறும் சூத்திரம் இது. தெருவுக்கும் வீட்டுக்கும் இடையே எழுதிய ஒப்பந்தம் என்றே எனக்குப் பட்டது.

இந்த ஒப்பந்தம் புதிதும் இல்லை. எங்கள் காரைக்காலைப் பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட காலத்தில், 1859-இல், அவர்களுடைய பாரீசில் ஒரு ஆணை போட்டார்கள்: இருபது மீட்டர் அகலச் சாலையில் வீட்டின் முகப்பு இருபது மீட்டர் உயரம் போகலாம். இன்று பாரீஸ் படங்களில் நாம் வியந்து பார்க்கும் அந்த ஒரே சீரான மாடி வரிசை இப்படிப் பிறந்ததுதான். ஸ்கார்பரோவில் நம் தமிழர்கள் கடை போட்டு, கோயில் கட்டி வாழும் டொராண்டோ நகரமும் 2010-இல் இடைநிலை மாடிகளுக்கு, அதாவது குட்டையாகவும் இல்லாமல் வானளாவவும் செய்யாத கட்டடங்களுக்கு, ஒரு ஆய்வு வெளியிட்டது. அங்கேயும் அடிப்படை அதேதான்: சாலை எவ்வளவு அகலமோ, கட்டடம் அவ்வளவு உயரம். அந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு நூறடி ரோட்டைப் பாருங்கள். நூறடி அகலத்துக்கு அறுபது அடிக் கட்டடம் அடக்கமாக நிற்கிறது; வானம் திறந்து கிடக்கிறது. அதே அறுபது அடியை உள்தெருவில், முப்பதடி அகலத்தில் இரண்டு பக்கமும் நிறுத்தினால் உச்சிவெயிலைத் தவிர வேறு வெயில் தரைக்கு வராது. அங்கே துணி காயாது, மனசும் காயாது. பெரிய சாலையில் உயர்ந்து, உள்ளே போகப்போகத் தாழ்வதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது.

சித்தப்பா மகன் தி.நகரின் பின்தெரு ஒன்றில் மூன்றாம் மாடியில் குடியிருக்கிறான். “வாக்கா, ஊர் மீன் கொண்டாந்தியா?” என்றுதான் கதவைத் திறந்தான். காலை ஏழு மணி. பல் தேய்த்துவிட்டுப் பால்கனியில் நின்றேன். கீழே தெருமுனையில் கீரைக்காரம்மாவின் குரல்: “அரைக்கீர, சிறுகீர, முளக்கீரே!” எனக்கு மேலே, நாலாம் மாடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் வயர்கூடை இறங்க ஆரம்பித்தது. நைலான் கயிறு. எங்கள் ஊரில் தூண்டில் மிதவைக்குக் கட்டுவோமே, அதே பச்சை. கூடை என் முகத்தைத் தாண்டும்போது எட்டிப் பார்த்தேன்: உள்ளே இரண்டு பத்து ரூபாய்த் தாள், காற்றில் பறக்காமலிருக்க மேலே ஒரு எலுமிச்சம்பழம். கீழே கீரைக்காரம்மா பணத்தை எடுத்து, இரண்டு கட்டு வைத்து, “பழத்த வச்சுக்கவா?” என்று அண்ணாந்து கேட்டார். “வச்சுக்கடி” என்றது மேலிருந்து ஒரு வயசான குரல். கூடை ஆடிக்கொண்டே மேலே போனது.

எனக்குக் கைதட்டத் தோன்றியது. டென்மார்க்கின் நகர வடிவமைப்பாளர் யான் கேல் பல வருஷமாகச் சொல்லிவருவது இதைத்தான்: ஐந்தாம் மாடி வரைக்கும் இருப்பவருக்குத் தெருவோடு உறவு இருக்கும், முகம் தெரியும், கூப்பிட்டால் கேட்கும், அதற்கு மேலே போனால் அவர் தெருவைச் சேர்ந்தவராக இல்லை, வானத்தைச் சேர்ந்தவர். அவர் ஆராய்ந்து எழுதியதைக் கீரைக்காரம்மா தொண்டையால் நிரூபித்துக் காட்டிவிட்டார். இடைநிலை மாடி என்பதற்கு என் விளக்கம் இனிமேல் இதுதான்: கயிற்றுக்கூடை எட்டும் உயரம்.

ஆனால் கீழே இறங்கியதும் வருத்தம் வந்தது. அந்தத் தெருவில் வரிசையாகப் பத்துக் கட்டடம், பத்திலும் தரைத்தளம் கார் நிறுத்தம். ஸ்டில்ட் எஃப்எஸ்ஐ கணக்கில் சேராது என்பதால் எல்லாரும் அதையே போடுகிறார்கள். கார் எங்கேயாவது நிற்கத்தானே வேண்டும், அதைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் நடந்துபோகிறவருக்கு இரண்டு பக்கமும் தெரிவது இருட்டும் டயரும்தான். கண் உயரத்தில் ஒரு ஜன்னல் கிடையாது, ஒரு விளக்கு கிடையாது. கோலம் போட்டிருந்தார்கள், பாவம், கார் ஏறும் சரிவிலேயே. எட்டு மணிக்கெல்லாம் டயர் இழுத்துக்கொண்டு போயிருந்தது. நம் முன்னோர் வீட்டுக்கும் தெருவுக்கும் நடுவே திண்ணை என்று ஒன்றை வைத்தார்கள். வெயிலில் வருகிறவர் கேட்காமல் உட்காரலாம். அதைவிடச் சிறந்த தெரு வடிவமைப்பு எந்த ஊர்க் கையேட்டிலும் இருக்கிறதாக எனக்குத் தெரியவில்லை.

அதே தெருவில் ஒரே ஒரு கட்டடம் மட்டும் வேறு மாதிரி. காரைப் பின்பக்கம் தள்ளிவிட்டு, முன்னால் பன்னிரண்டடியில் ஒரு தையற்கடை. வாசலில் முழங்கால் உயரத்துக்குக் கடப்பைக்கல் மேடை. அதில் இரண்டு தாத்தாக்கள், ஒரு பள்ளிக்கூடப் பை, ஒரு பூனை. திண்ணை செத்துப்போகவில்லை! அந்த மேடையைக் கையால் தடவிப் பார்த்தேன். நடுவில் வழுவழுவென்று, உட்கார்ந்து உட்கார்ந்து தேய்ந்து பளபளத்தது.

பிறகு பாண்டி பஜார். எங்கள் பக்கத்தில் பலரும் இதை நம் பாண்டிச்சேரியோடு சேர்த்து நினைப்பார்கள். உண்மையில் டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன் நாடாரின் பேரால் சௌந்தரபாண்டியன் அங்காடி, மக்கள் வாயில் பாண்டி பஜார். ஆவணத்தில் தியாகராய சாலை. இந்தத் தி.நகரே ஒரு ஏரி. 1920-களில், நீதிக்கட்சி ஆட்சியில், மாம்பலம் பக்கத்து நெடிய ஏரியைத் தூர்த்து, நடுவில் பனகல் பூங்காவை வைத்து, சக்கரத்தின் ஆரம்போலத் தெருக்களை இழுத்து உண்டாக்கிய பேட்டை. 2021 நவம்பர் மழையில் இந்தத் தெருக்கள் நாள்கணக்கில் முழங்கால் தண்ணீரில் நின்றன. பள்ளத்தில் பிறந்த ஊருக்குத் தண்ணீர்தான் முதல் கணக்கு. டெல்டாக்காரிக்கு இதைச் சொல்லித் தரவேண்டியதில்லை.

சென்னை மாநகராட்சி 2014-இல் ஒரு கொள்கையை ஏற்றது: போக்குவரத்துக்கு ஒதுக்கும் பணத்தில் அறுபது விழுக்காடாவது நடப்பவருக்கும் சைக்கிள்காரருக்கும் போக வேண்டும். இந்தியாவில் இப்படி ஒரு கொள்கையை எழுதிய முதல் நகரம் சென்னை. அந்தக் காகிதம் கல்லாக மாறியதைப் பார்க்க வேண்டுமென்றால் பாண்டி பஜாருக்கு வாருங்கள். ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில், 2019 நவம்பரில், கார் ஓடும் பாதையைக் குறுக்கி நடைபாதையை விரித்துத் திறந்தார்கள். பழைய பாண்டி பஜாரை நான் பார்த்திருக்கிறேன். அப்பா கையைப் பிடித்துக்கொண்டு, ஒரு கால் பிளாட்பாரத்திலும் ஒரு கால் ரோட்டிலுமாக நடந்த இடம். இன்று அதே இடத்தில் ஒரு குழந்தை தனியே ஓடுகிறது, அம்மா பின்னால் பஞ்சுமிட்டாய் தின்றபடி வருகிறார். ஒரு குழந்தையின் கையை விடத் தைரியம் வருகிறதே, அதுதான் நல்ல தெரு.

இனி நான் உண்மையில் பார்க்க வந்த இடம். கோடம்பாக்கம் பக்கம் ஒரு சாலையில் நடைபாதை வேலை நடந்துகொண்டிருந்தது. தகரத் தடுப்பின் இடுக்கில் எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தவளை மேஸ்திரி பார்த்துவிட்டார். “என்னம்மா, யாரத் தேடுற?” “யாரையும் இல்லண்ணே, அடியில என்ன இருக்குன்னு பாக்கணும்.” சிரித்துக்கொண்டே தகரத்தை விலக்கினார். “செருப்போட வா, கம்பி கிடக்குது.”

ஐயோ, அந்தப் பள்ளம்! வீட்டுச் சுவர்ப் பக்கத்திலிருந்து சாலைப் பக்கம் வரை அடுக்கடுக்காக ஒரு உலகம். குடிதண்ணீர்க் குழாய், தள்ளி ஆழத்தில் கழிவுநீர்க் குழாய், மணல் மெத்தையில் படுத்திருக்கும் மின்சாரக் கேபிள், அதன் மேல் எச்சரிக்கைக்கு ஒரு வரிசைச் செங்கல், இந்தப் பக்கம் இணையக் கம்பிக்கு நெகிழிக் குழாய்கள், கடைசியில் சாலை ஓரத்தில் மழைநீர் வடிகால். அந்த நெகிழிக் குழாய்களில் இரண்டு காலியாக இருந்தன. “இது எதுக்குண்ணே, ஒண்ணுமே இல்ல?” “நாளைக்கு வரப்போறவனுக்கு. இல்லாட்டி கல்ல பேத்துடுவான்ல.” எனக்கு மெய்சிலிர்த்தது. பெங்களூரில் டெண்டர்ஷூர் என்ற பேரில் சாலைகளை மாற்றியபோதும் இதைத்தான் செய்தார்கள்: இன்னும் பிறக்காத கம்பிக்கு முன்கூட்டியே வீடு. நம் தெருக்கள் ஏன் எப்போதும் வெட்டுப்பட்டுக் கிடக்கின்றன என்ற கேள்விக்கு அந்தக் காலிக் குழாய் பதில் சொல்லிவிட்டது.

கல் பாவும் இடத்துக்குக் கூட்டிப்போனார். ஜல்லி, அதன் மேல் மணல், அதன் மேல் பேவர் கல். நூல் கட்டி, ரசமட்டம் வைத்துப் பார்த்தார். ரசமட்டத்தின் கண்ணாடிக்குள் குமிழி நடுவில் நிற்கவில்லை. “கோணலா இருக்கே?” என்றேன். “இருக்கணும்மா. மீட்டருக்கு ரெண்டு சென்டி வாட்டம். மட்டமா வச்சா தண்ணி நின்னுரும், ஜாஸ்தி வச்சா கால் சறுக்கும்.” சொல்லிவிட்டுத் தன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து, பாவிய கல்லின் மேல் ஒரு கை அளவு ஊற்றினார். தண்ணீர் ஒரு நிமிஷம் யோசித்ததுபோல நின்றது. பிறகு மெல்ல, மூன்று கல்லின் இடுக்கு வழியாக, சாலைப் பக்கம் நகர்ந்து மரக்குழிக்குள் இறங்கியது. “பாத்தியா?” என்றார். அந்த முகத்தில் இருந்த பெருமையை எழுத எனக்கு வார்த்தை போதாது. கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டேன்; இரண்டாம் தடவை ஊற்றச் சொல்லி மறுபடியும் பிடித்தேன்.

மரக்குழியைப் பற்றியும் அவரிடமே கற்றேன். தண்டு வரைக்கும் சிமெண்ட் போட்டால் வேர் மூச்சுத் திணறும். குறைந்தது ஒரு ஆள் கால் நீட்டி உட்காரும் அளவு மண் திறந்திருக்க வேண்டும், மேலே ஓட்டைபோட்ட வார்ப்பிரும்புத் தட்டு. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயலில் சென்னை ஆயிரக்கணக்கான மரங்களை இழந்தது. வேர் ஓட இடமில்லாமல் சிமெண்டுக்குள் நின்ற மரம் காற்றுக்கு எப்படித் தாங்கும்? கஜா புயலில் எங்கள் பக்கம் விழுந்த தென்னைகளை நினைத்துக்கொண்டேன். அவர் குழியில் வைத்திருந்தது பூவரசங்கன்று. எங்கள் வீட்டு வாசல் மரம்!

இந்திய சாலைக் காங்கிரஸ் நடப்பவர்களுக்கென்றே ஒரு நெறிமுறை வெளியிட்டிருக்கிறது. தடையில்லாமல் நடக்கக் குறைந்தது 1.8 மீட்டர், எதிரெதிரே வரும் இரண்டு சக்கர நாற்காலிகள் இடிக்காமல் கடக்கும் அளவு. விளிம்புக்கல் 15 சென்டிமீட்டருக்கு மேல் உயரக் கூடாது. கர்ப்பிணி ஏறும் உயரம், மூட்டு வலிக்கும் பாட்டி ஏறும் உயரம். ஒவ்வொரு எண்ணுக்குள்ளும் யாரோ ஒருத்தர் நடந்துபோய்க்கொண்டிருக்கிறார். இதில் பலரும் தப்பு செய்வது வீட்டு வாசலில்தான். கார் உள்ளே போகவேண்டுமென்று ஒவ்வொரு கேட்டுக்கும் நடைபாதையைத் தாழ்த்திவிடுகிறார்கள். நடப்பவர் பத்தடிக்கு ஒருமுறை இறங்கி ஏறவேண்டும். சரியான முறை நேர்எதிர்: நடைபாதை ஒரே மட்டமாக ஓட வேண்டும், கார்தான் ஏறி இறங்க வேண்டும். என்ஜின் இருப்பது அதற்குத்தானே!

மஞ்சள் கல்லைப் பற்றிச் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. நீளக் கோடு போட்ட கல் என்றால் ‘நட’. புள்ளி வைத்த கல் என்றால் ‘நில், பார்’. முன்னால் படியோ சாலையோ திருப்பமோ இருக்கிறது. பார்வையில்லாதவர் கைத்தடியாலும் உள்ளங்காலாலும் படிக்கும் எழுத்து இது. ஜப்பானில் செய்இச்சி மியாகே என்பவர் உண்டாக்கி, 1967 மார்ச்சில் ஒகயாமா நகரத்துச் சாலை ஒன்றில் முதலில் பதித்தார். எழும்பூர் மெட்ரோவில் அதன்மேல் கண்ணை மூடிக்கொண்டு இருபது அடி நடந்து பார்த்தேன். கோடு காலுக்குக் கீழே ஆறுபோல ஓடியது; புள்ளி வந்ததும் கால் தானாக நின்றது. அன்று முதல் அந்தக் கல்லின் மேல் பைக் நிறுத்துகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது, மறைக்க மாட்டேன். ஒருவர் படித்துக்கொண்டிருக்கும் புத்தகத்தின் மேல் வண்டி ஏற்றுவது அது.

நடைபாதை வாயிலில் நிற்கும் குட்டைத் தூண்களுக்குள்ளும் ஒரு தீராத புதிர் இருக்கிறது. கார் நுழையக் கூடாது, சக்கர நாற்காலி நுழைய வேண்டும். அது சுலபம். ஆனால் சக்கர நாற்காலியின் அகலமும் பைக்கின் கைப்பிடி அகலமும் கிட்டத்தட்ட ஒன்றுதான். இடைவெளியைக் குறைத்தால் நாற்காலி மாட்டும், விட்டால் பைக் புகும். வளைத்து வைத்துப் பார்க்கிறார்கள், தடுப்பை முன்பின் நகர்த்திப் பார்க்கிறார்கள். உலகத்துத் தெருக்காரர்கள் அத்தனை பேரும் இன்னும் இந்தக் கணக்கில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

கடைசி நாள் மாம்பலம் ரயில் நிலையத்திலிருந்து தி.நகர் பேருந்து நிலையம் வரை ஆகாய நடைபாதையில் போனேன். 2023 மே மாதம் திறந்தது, நீளம் ஏறக்குறைய 570 மீட்டர். கீழே ரங்கநாதன் தெருக் கூட்டம் தீபாவளி அலைபோல நெரிகிறது. மேலே காற்று வருகிறது. ரயிலில் இறங்கியவர் தரையைத் தொடாமல் பேருந்தைப் பிடிக்கலாம். வயசானவர்களுக்கு மின்தூக்கி இருக்கிறது. பயனுள்ள வேலைதான். என்றாலும் எனக்குப் பிடித்த வேலை கீழேதான், தரையில்தான். கடையும் பூக்காரியும் நிழலும் அங்கேதான் இருக்கிறார்கள்.

பனகல் பூங்காவைச் சுற்றி மெட்ரோ இரண்டாம் கட்டத் தகரங்கள் நிற்கின்றன. ஏறக்குறைய 119 கிலோமீட்டர், மூன்று வழித்தடம், 128 நிலையங்கள். 63,246 கோடி ரூபாய்க்கு 2024 அக்டோபரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த திட்டம். எண்களை விடுங்கள். பூமியைக் குடையும் எந்திரங்களுக்கு என்ன பேர் வைத்திருக்கிறார்கள் தெரியுமா? நம் மலைகள், நம் பறவைகள், நம் ஆறுகள். மாதவரத்தில் இறங்கியது நீலகிரி. கலங்கரை விளக்கத்திலிருந்து கிளம்பியது ஃபிளமிங்கோ, கோடியக்கரைக்கு வரும் நம் பூநாரை. 2023-இல் கிரீன்வேஸ் சாலையிலிருந்து கிளம்பி அடையாறு ஆற்றுக்கு அடியிலேயே குடைந்து போனதன் பேர் காவிரி! கேட்டதும் நடுரோட்டில் நின்று சத்தமாகச் சிரித்துவிட்டேன். காரைக்காலில் அரசலாறாக வந்து கடலில் கலக்கும் எங்கள் காவிரி, சென்னையில் இன்னொரு ஆற்றின் வயிற்றுக்குக் கீழே சுரங்கம் வெட்டிப் போயிருக்கிறது. இந்தச் சேதியை ஊரில் சொல்லாமல் எப்படி இருப்பது?

அந்தத் தகரங்கள் எடுக்கப்படும் நாளில்தான் உண்மையான வேலை ஆரம்பிக்கும் என்பது என் எண்ணம். நிலையத்தைச் சுற்றி அரை கிலோமீட்டருக்கு வீட்டு விலை ஏறும், பழைய தனி வீடுகள் இடிபடும், அறுபது அடிக் கட்டடங்கள் எழும்பும். அதைத் தடுக்க வேண்டியதில்லை. ரயில் பக்கத்தில் நிறையப் பேர் குடியிருப்பது நல்லது, அத்தனை பைக்கும் குறையும். ஆனால் ஒவ்வொரு வரைபடத்துக்கும் ஒப்புதல் கொடுக்கும்போது, மேலே எத்தனை தளம் என்று பார்க்கும் அதே கண்ணால் கீழே முதல் பன்னிரண்டடியையும் பார்க்க வேண்டும். ஒரு கடை, ஒரு ஜன்னல், ஒரு கல்மேடை, ஒரு விளக்கு. ஸ்டில்ட் தெருப்பக்கம் முழுக்க விழுங்காமல் பாதியாவது விடட்டும். வீடு மேலே போகட்டும், வாசல் தெருவில் இருக்கட்டும்.

ஊர் திரும்பும் ரயிலில் காரைக்காலை நினைத்துக்கொண்டே வந்தேன். 1898-இல் போட்டு, பிறகு பெயர்த்தெடுத்த பேரளம் பாதையை இப்போது அகலப்பாதையாக மறுபடி போட்டிருக்கிறார்கள். நாகூர் வழி 2011-இலேயே வந்துவிட்டது. பிரெஞ்சுக்காரர்கள் நூல் பிடித்தமாதிரி இழுத்துவிட்டுப்போன நேர்த்தெருக்கள் இருக்கின்றன. எங்களுக்கு மெட்ரோ வேண்டாம். ரயிலடியிலிருந்து பாரதியார் சாலை வரை நிழலில், ஒரே மட்டத்தில், குழந்தையின் கையை விட்டுவிட்டு நடக்க முடிந்தால் போதும். பூவரசு எங்கள் மண்ணில் தானாகவே வளரும்.

கிளிஞ்சல்மேட்டில் இறங்கியபோது வெயில் ஏறியிருந்தது. சுனாமிக்குப் பிறகு கிடைத்த எங்கள் புது வீட்டில் திண்ணை இல்லை. அதனால் அப்பா இருபது வருஷமாக வாசல் பூவரசுக்குக் கீழேதான், ஒரு பழைய ஐஸ் பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு, கால் கட்டைவிரலில் வலையை மாட்டிக்கொண்டு கிழிசல் தைக்கிறார். போகிறவர் வருகிறவர் அத்தனை பேரும் அங்கே நின்று ஒரு வார்த்தை பேசிவிட்டுத்தான் போவார்கள். பக்கத்தில் உட்கார்ந்து கைப்பேசியை நீட்டினேன். மேஸ்திரி கல்லில் தண்ணீர் ஊற்றும் படம். அப்பா ஊசியை உதட்டில் வைத்துக்கொண்டு, கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். தண்ணீர் நின்றது, நகர்ந்தது, குழிக்குள் இறங்கியது.

“இன்னொரு தடவ போடு புள்ள” என்றார். போட்டேன்.

“மழ பேஞ்சா அம்புட்டுத் தண்ணியும் அந்தக் குழிக்குள்ளயா போவுது?”

“கொஞ்சம் மரத்துக்கு. மிச்சம் கீழ வடிகாலுக்குப்பா.”

“வடிகா எங்க போவுது?”

எனக்குத் தெரியவில்லை. மேஸ்திரியின் எண்ணை வாங்கி வைத்திருந்தேன். அப்பா மறுபடி வலையில் குனிய, நான் அங்கேயே உட்கார்ந்து மேஸ்திரியைக் கூப்பிட்டேன்.